ஆயில் கூலருக்கு தெர்மோஸ்டாட் தேர்ந்தெடுப்பது: அளவு எடுப்பதிலிருந்து மாட்டிச் சோதிப்பது வரை

இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் ஒரு ஜனவரி காலை. சென்னையிலிருந்து பெங்களூரு நெடுஞ்சாலையில் நாற்பது கிலோமீட்டர் ஓடி வந்த பழைய ஹோண்டா சிட்டி ஒன்று வரிசையில் நின்றது. முன் பம்பருக்குள் புத்தம்புது ஆயில் கூலர், 19 வரிசைக் குழாய் உள்ளது. மீட்டரில் தண்ணீர் 88 டிகிரி, ஆயில் 66 டிகிரி. "ஆயில் நல்லா கூலா இருக்கு அண்ணா" என்று அதை ஓட்டி வந்த தம்பி சந்தோஷமாகக் காட்டினார். இன்னும் பத்து நிமிடத்தில் அந்த எஞ்சினை சிவப்புக் கோடு வரை இழுக்கப்போகிறார். கூலருக்குத் தெர்மோஸ்டாட் இல்லை, அதாவது ஆயில் சூடாகும்வரை கூலர் வழியை மூடி வைக்கும் வால்வு இல்லை. கேட்டால், "நம்ம ஊர் வெயிலுக்கு அது எதுக்குன்னு கடையில் சொன்னாங்க" என்றார்.

இந்தப் பதிலை நான் பல பேரிடம் கேட்டுவிட்டேன். வெளியே 35 டிகிரி இருந்தாலும், 90 டிகிரியில் இருக்க வேண்டிய ஆயிலுக்கு அது குளிர்ந்த காற்றுதான். நெடுஞ்சாலையில் நிதானமாகப் போகும் எஞ்சின் ஆயிலுக்குள் விடும் சூடு குறைவு. பம்பரில் அடிக்கும் காற்றோ முழு வேகம். கூலர் எந்நேரமும் திறந்தே கிடந்தால் ஆயில் சூடேறவே ஏறாது. டிராக்கில் சூட்டை இறக்குவது கூலரின் வேலை. மற்ற நேரத்தில் சூட்டைக் காப்பாற்றுவது தெர்மோஸ்டாட்டின் வேலை. இதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே உள்ள ஒவ்வொரு படிக்கும் காரணம் விளங்கும்.

1. முதலில் அளவு, அப்புறம் கடை

ஆயில் வெப்பநிலை தெரியாமல் எதையும் வாங்காதீர்கள். டேஷ்போர்டில் இருக்கும் முள் தண்ணீரைக் காட்டுவது, ஆயிலை அல்ல. தண்ணீர் ஐந்து நிமிடத்தில் சூடாகிவிடும். ஆயிலுக்கு அதைப் போல இரண்டு பங்கு நேரமாவது ஆகும். டிராக்கில் தண்ணீர் 92இல் அசையாமல் நிற்கும்போது ஆயில் 130ஐத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கும்.

சென்சாரைச் சம்ப்பில், அதாவது எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டியில், வைப்பது நல்லது. டிரெயின் போல்ட் இடத்தில் மாட்டும் சென்சார் கிடைக்கிறது. ஹோண்டாவுக்கு அந்த மரை எம்14x1.5 (விட்டம் 14 மி.மீ., மரைக்கு மரை இடைவெளி 1.5 மி.மீ.). ஆனால் கீழே துருத்திக்கொண்டிருப்பதால் நம் ஊர் வேகத்தடைகளில் தட்டும். காரைத் தாழ்த்தியிருந்தால் சம்ப்பின் பக்கவாட்டில் ஒரு பாஸ் (மரை போட்ட உலோக வளையம்) வெல்டிங் செய்து அதில் மாட்டுங்கள். கூலரிலிருந்து திரும்பும் ஹோஸில் மட்டும் வைக்க வேண்டாம். அங்கே தெரிவது குளிர்ந்து வரும் ஆயில். உண்மை நிலவரத்தை மறைத்துவிடும்.

மூன்று ஓட்டம் எழுதி வையுங்கள்: நகர நெரிசலில் அரை மணி, நெடுஞ்சாலையில் 100 கி.மீ. வேகத்தில் அரை மணி, டிராக்கில் ஆறு சுற்று. ஒவ்வொன்றிலும் உச்ச வெப்பநிலை, அன்றைய வெயில், சூடான எஞ்சினில் ஐடிலிலும் 3000 ஆர்பிஎம்மிலும் ஆயில் பிரஷர். இந்த பிரஷர் எண்கள் கடைசிப் படியில் திரும்பத் தேவைப்படும்.

நல்ல சிந்தெடிக் ஆயிலோடு டிராக்கில் உச்சம் 115க்குள் நின்றால் கூலரே வேண்டாம். பணத்தை பிரேக்கில் போடுங்கள். 115க்கும் 130க்கும் நடுவே என்றால் சிறிய கூலர் போதும், தெர்மோஸ்டாட்டுடன். 130ஐத் தாண்டினால் கூலர் கட்டாயம்.

2. கம்பெனி ஏற்கெனவே வைத்திருப்பதைப் பாருங்கள்

டர்போ கார்கள் பலவற்றில் ஆயில் ஃபில்டருக்குப் பின்னால் தண்ணீரால் குளிர்விக்கும் ஒரு சின்னக் கூலர் இருக்கும். ஃபில்டர் அடியில் இரண்டு தண்ணீர்க் குழாய் போனால் அது இருக்கிறது என்று அர்த்தம். காலையில் தண்ணீர் சீக்கிரம் சூடாகி ஆயிலையும் சூடாக்குவது இதனால்தான். தினமும் ஓட்டும் காரில் இதைக் கழற்றாதீர்கள். புதிய கூலரை இதோடு சேர்த்து மாட்டலாம். தெர்மோஸ்டாட் உள்ள சாண்ட்விச் பிளேட்டுக்கு, அதாவது எஞ்சினுக்கும் ஃபில்டருக்கும் நடுவே வைக்கும் தட்டுக்கு, இடம் இருக்கிறதா என்பது மட்டும்தான் கேள்வி.

ஃபில்டர் திருகும் டப்பா வகையாக இல்லாமல், பிளாஸ்டிக் மூடிக்குள் காகித ஃபில்டராக இருந்தால் சாதாரண சாண்ட்விச் பிளேட் உட்காராது. அந்த எஞ்சினுக்கென்றே செய்த அடாப்டர் வேண்டும். இது தெரியாமல் ஹோஸ் எல்லாம் வாங்கி வைத்துவிட்டு முழிப்பவர்கள் உண்டு.

3. எந்த வகை

சாண்ட்விச் பிளேட் வகை எஞ்சின் பிளாக்குக்கும் ஃபில்டருக்கும் நடுவே உட்காரும். தெர்மோஸ்டாட் அதற்குள்ளேயே இருக்கும். மூடியிருக்கும்போது ஆயில் நேராக ஃபில்டருக்குப் போய்விடும். திறந்ததும் கூலரைச் சுற்றி வந்து ஃபில்டருக்குள் நுழையும். கூலருக்கு அடுத்து ஃபில்டர் வருவது ஒரு நல்ல பாதுகாப்பு. முதல் முறை செய்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

இன்லைன் வகை நான்கு வாய் உள்ள ஒரு கட்டை: இரண்டு எஞ்சின் பக்கம், இரண்டு கூலர் பக்கம். ஃபில்டர் அருகே இடமே இல்லாத காருக்கு இது உதவும். இதை எஞ்சினுக்குப் பக்கத்தில் வையுங்கள். கூலர் பக்கத்தில் வைத்தால், மூடியிருக்கும்போதும் ஆயில் முழு ஹோஸ் நீளத்தையும் சுற்றிச் சூட்டை இழந்துவிட்டுத்தான் திரும்பும்.

மூன்றாவது, ஃபில்டரையே வேறிடத்துக்கு மாற்றி, அந்தத் தலைக்குள் தெர்மோஸ்டாட் வைப்பது. இணைப்புகள் கூடும், கசியும் இடங்களும் கூடும். வேறு வழியில்லை என்றால் மட்டும்.

4. மரையும் சீலும்

பணம் அதிகம் வீணாவது இந்தப் படியில்தான். ஃபில்டர் மரையில் அதிகம் காண்பது இரண்டு: எம்20x1.5, இன்னொன்று முக்கால் அங்குல விட்டம், அங்குலத்துக்கு 16 மரை. முதலாவது 20 மி.மீ., இரண்டாவது 19.05 மி.மீ. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான வித்தியாசம், கண்ணுக்குத் தெரியாது. முக்கால் அங்குல போல்ட்டை எம்20 துளையில் வைத்தால் அது உள்ளே போகும். கொஞ்சம் ஆடும், ஆனாலும் போகும். "பிடிச்சிருச்சு" என்று ஒருவர் கையை எடுப்பதை நானே பார்த்திருக்கிறேன். பிரஷர் ஏறியதும் மரை உரிந்து போல்ட் வெளியே வந்துவிடும், அதோடு ஆயில் மொத்தமும்.

ஆகவே வெர்னியரால் அளந்து பாருங்கள். மரை சீப்பு வைத்து மரை இடைவெளி (பிட்ச்) 1.5 மி.மீ.தானா என்று சரிபாருங்கள். ஹோண்டாவுக்கும் சுபாருவின் ஈஜே எஞ்சினுக்கும் எம்20x1.5. உங்கள் கார் எது என்று யார் சொன்னாலும் உங்கள் கையால் ஒரு முறை அளந்துகொள்ளுங்கள்.

அடுத்தது சீல். பிளேட்டின் ஓ-ரிங் பள்ளம், பிளாக்கில் ஃபில்டர் ரப்பர் உட்காரும் வழவழப்பான வளையத்தின் மேல் முழுவதும் விழ வேண்டும். பழைய ஃபில்டரைக் கழற்றி அதன் ரப்பரின் உள் விட்டம், வெளி விட்டம் இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். ஓ-ரிங் ஓரத்தில் பாதி வெளியே நின்றாலும் கசியும்.

உயரத்தையும் மறக்காதீர்கள். பிளேட் வந்தால் ஃபில்டர் இரண்டு மூன்று சென்டிமீட்டர் வெளியே தள்ளி நிற்கும். அந்த இடத்தில் டிரைவ் ஷாஃப்டோ, சைலன்சர் குழாயோ, கிராஸ் மெம்பரோ இருக்கிறதா? அட்டையில் அதே கனத்துக்கு ஒரு வட்டம் வெட்டி வைத்துப் பாருங்கள்.

5. திறக்கும் வெப்பநிலை

தெர்மோஸ்டாட்டின் உள்ளே ஒரு மெழுகுக் குப்பி. சூடேறினால் மெழுகு உருகி விரிந்து ஒரு தண்டைத் தள்ளும். தண்டு நேர் வழியை மூடி கூலர் வழியைத் திறக்கும். இது சுவிட்ச் போல ஒரே நொடியில் நடப்பதில்லை. 80இல் அசையத் தொடங்கினால் முழுதாகத் திறக்க இன்னும் பத்துப் பதினைந்து டிகிரி வேண்டும். பெட்டியில் போட்டிருக்கும் எண் தொடக்கமா, முழுத் திறப்பா என்று கேட்டு வாங்குங்கள்.

இங்கேதான் பெரிய குழப்பம். "70 டிகிரி தெர்மோஸ்டாட் போட்டால் டிராக்கில் ஆயில் இன்னும் குளிர்ச்சியாக இருக்கும்" என்று நினைக்கிறார்கள். இருக்காது. 110 டிகிரியில் 70 வகையும் 85 வகையும் இரண்டுமே முழுக்கத் திறந்துதான் இருக்கும். அந்த நேரத்தில் உச்சத்தைத் தீர்மானிப்பது கூலரின் அளவும் அதில் அடிக்கும் காற்றும். தெர்மோஸ்டாட் எண் தீர்மானிப்பது கீழ் வரம்பை மட்டும்தான். டிராக்கில் 125 அடிக்கிறது என்றால் தெர்மோஸ்டாட்டை மாற்றிப் பயனில்லை.

கீழ் வரம்பு எவ்வளவு இருக்க வேண்டும்? எரிபொருள் எரிந்து வரும் தண்ணீர் ஆவியும், எரியாத பெட்ரோலும் சிலிண்டரிலிருந்து கசிந்து ஆயிலில் கலந்துகொண்டே இருக்கும். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் 78 டிகிரியில் கொதிக்கும், தண்ணீர் 100இல். 65 டிகிரியிலேயே வாழ்ந்துகொண்டிருக்கும் ஆயிலில் இவை இரண்டும் தங்கிவிடும். ஆயில் மூடியைத் திறந்தால் உள்பக்கம் பால் கலந்த காபி நிறத்தில் பசை ஒட்டியிருக்கும். அந்த ஹோண்டா சிட்டியின் மூடியில் விரலால் வழித்து எடுக்கும் அளவுக்கு இருந்தது.

இன்னொரு காரணம் ஆயிலின் கெட்டித்தன்மை. 40 கிரேடு ஆயில் 100 டிகிரியில் 12.5 முதல் 16.3 சென்டிஸ்டோக்ஸுக்குள் (கெட்டித்தன்மையின் அலகு) இருக்க வேண்டும் என்று அளந்து தரப்பட்டது. எஞ்சினை வடிவமைத்தவர்கள் அந்த நிலையை மனதில் வைத்துத்தான் இடைவெளிகளை விட்டிருக்கிறார்கள். 60 டிகிரியில் அது இதைப் போல மூன்று மடங்கு கெட்டி. பிரஷர் மீட்டர் உயரமாகக் காட்டும். எஞ்சின் கனமாகச் சுற்றும்.

என் தேர்வு இது. டிராக்குக்கு மட்டும் வண்டியில் ஏற்றிக் கொண்டுவரும் காருக்கு 80 முதல் 85இல் தொடங்குவது சரி. வாரம் முழுக்க அலுவலகத்துக்கும், மாதம் ஒரு முறை டிராக்குக்கும் போகும் காருக்கு 85க்குக் கீழே வேண்டாம். 90க்கு மேல் தொடங்குவது கிடைத்தால் இன்னும் நல்லது. 70 டிகிரி வகையை எந்தக் காருக்கும் நான் சொல்ல மாட்டேன்.

6. மூடியிருக்கும்போதும் கொஞ்சம் ஓட வேண்டும்

நல்ல தெர்மோஸ்டாட் மூடிய நிலையிலும் கூலர் பக்கம் சிறிதளவு ஆயிலை விடும். பலர் இதைக் குறை என்று நினைக்கிறார்கள். உண்மையில் இது வேண்டும். அந்தச் சின்ன ஓட்டம் இல்லாவிட்டால், திறக்கும் நொடியில் கூலரில் தேங்கிய குளிர்ந்த ஆயில் மொத்தமாக எஞ்சினுக்குள் பாயும். கூலரில் மாட்டிய காற்றை மெல்ல வெளியேற்றுவதும் இதுதான்.

ஆனால் அந்த ஓட்டம் மிகுந்துவிட்டால் தெர்மோஸ்டாட் இருந்தும் இல்லாத மாதிரி ஆகிவிடும். மலிவான நகல்களில் தண்டு துளையில் லொடலொடவென்று ஆடும். வாங்கும்போது முடிந்தால் மூடிய நிலையில் கூலர் வாயில் ஊதிப் பாருங்கள். லேசாகக் கசிந்தால் சரி. தங்குதடையின்றி ஓடினால் அதை விட்டுவிடுங்கள்.

கூலர் அடைத்துக்கொண்டால் ஆயிலை நேர் வழியில் விடும் பிரஷர் பைபாஸ் சில வகைகளில் இருக்கும். விலை கொஞ்சம் கூடினாலும் அதை எடுப்பேன்.

7. மாட்டும் முன் அடுப்பில் ஒரு சோதனை

புதுப் பெட்டியில் வந்தாலும் இதைச் செய்யுங்கள். அரை மணி நேர வேலை. ஒரு பழைய பாத்திரத்தில் தண்ணீர், சமையல் தெர்மாமீட்டர், கம்பி. மெழுகுக் குப்பியைப் பிளேட்டிலிருந்து கழற்றிக் கம்பியில் கட்டித் தொங்கவிடுங்கள். பாத்திரத்தின் அடியைத் தொடக் கூடாது. அடிப்பகுதி தண்ணீரைவிடச் சூடு, தப்பான எண் வரும்.

சின்னத் தீயில் வையுங்கள். 75இலிருந்து கண்ணை எடுக்காமல் பாருங்கள். தண்டு முதலில் அசைவது தெரியாது. பக்கத்தில் ஒரு தீக்குச்சியை வைத்துக்கொண்டால் தெரியும். எண்ணைக் குறியுங்கள். அடுப்பை அணைத்து ஆறவிடுங்கள். தண்டு முழுதாகப் பின்வாங்கினால்தான் தேறியது. ஆறிய பிறகும் பாதியில் நிற்பதை மாட்டாதீர்கள். 95க்கு மேல் திறக்கும் வகையைத் தண்ணீரில் சோதிக்க முடியாது. சூடான எண்ணெயில் வீட்டில் முயலவும் வேண்டாம், ஆபத்து. சோதித்த பின் குப்பியை நன்றாக உலர்த்தி, எஞ்சின் ஆயில் தடவி மாட்டுங்கள்.

8. ஹோஸும் கூலரும்

பிளேட்டின் வாய் அளவுதான் ஹோஸைத் தீர்மானிக்க வேண்டும். குறைக்கும் அடாப்டர் போட்டுச் சமாளிக்காதீர்கள். ஏஎன்-10 என்ற ஹோஸ் அளவு பெரும்பாலான கார்களுக்குப் பொருந்தும். ஆயில் பாதையில் எந்த இடம் குறுகலோ அதுதான் மொத்த ஓட்டத்தையும் பிடித்து நிறுத்தும். செட்ராப் கம்பெனி கூலர்களின் வாய் எம்22x1.5, அதற்கேற்ற முனை வாங்குங்கள்.

தெர்மோஸ்டாட் இருப்பதால் கூலரை ஒரு படி பெரிதாக எடுக்கத் துணியலாம். கூலர் விடும் சூடு, ஆயிலுக்கும் காற்றுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பொறுத்தது. ஆயில் 110 என்றால் 10 டிகிரி நாட்டில் அந்த வித்தியாசம் 100, நமக்கு 35 டிகிரியில் 75. வெளிநாட்டுக் கணக்கில் 16 வரிசை போதும் என்றால் இங்கே 19 எடுங்கள்.

9. மாட்டும் வரிசை

1. ஹோஸ் வெட்டிய பின் உள்ளே பிசிறு இருக்கும். பிரேக் கிளீனர் அடித்து, காற்றழுத்தம் விட்டு, வெள்ளைத் துணியில் துடைத்துக் கறை வராதவரை சுத்தம் செய்யுங்கள்.

2. ஆயிலை இறக்கி ஃபில்டரைக் கழற்றியதும் பிளாக்கில் விரலை ஓட்டுங்கள். பழைய ஃபில்டரின் ரப்பர் சில சமயம் பிளாக்கிலேயே ஒட்டிக்கொள்ளும். அதன் மேல் பிளேட்டை வைத்தால் இரண்டு சீல் ஆகிவிடும்; ஸ்டார்ட் செய்த நொடியில் ஆயில் பீய்ச்சி அடிக்கும்.

3. ஓ-ரிங்கில் ஆயில் தடவி, பிளேட்டை வேண்டிய திசையில் கையால் பிடித்துக்கொண்டு நடுப் போல்ட்டைத் தயாரிப்பாளர் சொன்ன முறுக்கு விசையில் (டார்க்) இறுக்குங்கள். தளர்வாக விட்டால் அடுத்த ஆயில் மாற்றத்தில் ஃபில்டரோடு சேர்ந்து அதுவும் கழன்று வரும்.

4. ஃபில்டரைக் கையால் மாட்டி எல்லாப் பக்கமும் இடைவெளி பாருங்கள். அலுமினிய முனைகளை இறுக்கும்போது எப்போதும் இரண்டு ஸ்பேனர். ஒன்று பிடிக்க, ஒன்று திருப்ப.

5. கூலரின் வாய்கள் மேலே பார்த்து இருக்கட்டும், காற்று தானே வெளியேறும். ஹோஸ் எதிலும் உரசக் கூடாது. எஞ்சின் ஆடும், ஆகவே கொஞ்சம் தளர்வு விடுங்கள்.

10. முதல் ஸ்டார்ட், ஆயில் அளவு

ஃபியூயல் பம்ப் ஃபியூஸைக் கழற்றிவிட்டு, பத்துப் பத்து நொடியாக எஞ்சினைச் சுழற்றுங்கள். பிரஷர் முள் ஏறிய பிறகு ஃபியூஸைப் போட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். ஹோஸ் காலியாக இருப்பதால் பேரிங்குக்கு ஆயில் போய்ச் சேரச் சில நொடி ஆகும். அந்த நொடிகளில் எஞ்சின் ஸ்டார்ட் ஆகி வேகமாக ஓடக் கூடாது என்பதுதான் காரணம்.

பத்தில் ஏழு பேர் இடறும் இடம் அடுத்தது. ஐந்து நிமிடம் ஓட்டிவிட்டு டிப்ஸ்டிக் பார்ப்பார்கள், அளவு சரியாக இருக்கும். ஆனால் தெர்மோஸ்டாட் இன்னும் மூடித்தான் இருக்கிறது, கூலர் நிரம்பவில்லை. நெடுஞ்சாலையில் அல்லது டிராக்கில் அது திறந்ததும் கூலரும் ஹோஸும் சேர்ந்து அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை இழுத்துக்கொள்ளும். சம்ப்பில் அளவு இறங்கும்; வேகமான வளைவில் பிரஷர் விழும். ஆகவே ஆயில் 95 டிகிரி தொடும்வரை ஓட்டி, கூலரின் இரண்டு முனையும் சூடாகிவிட்டதை உறுதி செய்து, நிறுத்தி ஐந்து நிமிடம் கழித்து அளவு பாருங்கள். மறுநாள் காலையும் ஒரு முறை.

11. சாலையில் சோதனை

முதல் படியில் எழுதி வைத்த அதே மூன்று ஓட்டத்தைத் திரும்பச் செய்யுங்கள். ஆயில் 85ஐ நெருங்கும்போது மீட்டர் இரண்டு மூன்று டிகிரி இறங்கி மறுபடி ஏறினால் பயப்படாதீர்கள், தெர்மோஸ்டாட் திறக்கிறது. சூடான எஞ்சினில் பிரஷர் பழைய எண்ணைவிட வெகுவாகக் குறைந்திருந்தால் முதலில் ஆயில் அளவு, பிறகு ஹோஸ் மடிந்திருக்கிறதா, பிறகு முனைகள் குறுகலா என்ற வரிசையில் தேடுங்கள்.

நெடுஞ்சாலையில் ஆயில் 75ஐத் தாண்டவே இல்லை என்றால் தண்டு திறந்தபடி சிக்கியிருக்கிறது, அல்லது மூடிய நிலையில் ஓட்டம் அதிகம். டிராக்கில் 125 அடித்தும் கூலரைத் தொட முடிகிறது என்றால் திறக்கவே இல்லை. இன்லைன் வகையாக இருந்தால் எஞ்சின் பக்கக் குழாயும் கூலர் பக்கக் குழாயும் மாறிப் போயிருக்கலாம்; கழற்றும் முன் அம்புக்குறியைப் பாருங்கள். கூலர் நன்றாகச் சூடாகி, ஆயிலும் 125 என்றால் தெர்மோஸ்டாட் மேல் குற்றமில்லை. பம்பரில் காற்று போகும் வழியையும், கூலருக்குப் பின்னால் அது வெளியேறும் வழியையும் பாருங்கள்.

அந்தத் தம்பியின் சிட்டிக்கு 85 டிகிரி சாண்ட்விச் பிளேட் மாட்டினோம். அதே கூலர், அதே ஹோஸ். அடுத்த முறை அதே சாலையில் வந்தபோது மீட்டர் 88 காட்டியது. டிராக்கில் ஆறாவது சுற்றில் 112.

எஞ்சினில் எப்போதாவது பேரிங் போய்ப் பிரித்து வேலை செய்ய நேர்ந்தால், கூலரையும் தெர்மோஸ்டாட்டையும் கழுவித் திரும்ப மாட்டாதீர்கள். கூலரின் நுண் வழிகளில் மாட்டிய உலோகத் தூள் எத்தனை முறை கழுவினாலும் முழுதாக வராது. தண்டின் இடுக்கில் ஒரு துகள் சிக்கினால் அது பாதியில் நின்றுவிடும். இரண்டையும் புதிதாக வாங்குங்கள்.